விருந்தாதலும் ஓர் அறமே

நமது கல்லூரியின் விழா மலரிலே மொங்கோலியப் புல்வெளியைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது அன்பர் சிலர்க்கு வியப்பாய் இருத்தல் கூடும். குறிஞ்சியும் முல்லையும் பற்றி எழுத எவ்வளவோ இருக்க, தமிழாசிரியர் கோபிப் பாலைக்கு வடக்கே போவானேன் என்று கேட்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. அப்புல்வெளியிலே நம் பழைய மாணவர் ஒருவர் பட்ட நாணத்தில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகின்றோம்.

அம்மாணவர் கடல் கடந்து தொழில் புரிபவர். விடுமுறையிலே மொங்கோலியா சென்று பதினைந்து நாள் புல்வெளியிற் சுற்றி மீண்டவர். ஊர் வந்தபோது கல்லூரிக்கும் வந்து, ஆசிரியர் அறையில் எம்மோடிருந்து தேநீர் அருந்துகையில் நிகழ்ந்ததைச் சொன்னார். மேய்ப்பர் குடும்பம் ஒன்று அவரைத் தன் கூடாரத்துள் அழைத்து இருத்திற்று. வீட்டு மூதாட்டி பெரிய கிண்ணம் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். அதிலிருந்தது குதிரைப் பாலைப் புளிக்கவைத்த பானம். நம்மவரோ புலால் உண்ணாதவர், மது தொடாதவர். கிண்ணத்தைப் பார்த்ததும் அஞ்சி, இடக்கையை அசைத்து ‘வேண்டாம்’ என்று விலக்கிவிட்டார். மூதாட்டி ஒன்றும் பேசவில்லை, கிண்ணத்தைத் தாழ்த்திக்கொண்டார். அன்று மாலை முழுவதும் ஒருவரும் அவரை வைதிலர். ஒருவரும் அவர்க்கு வேறொன்றை நீட்டவும் இலர். “சேர், விருந்தோம்பல் அதிகாரத்தை நீங்கள் எங்களுக்கு நன்றாகப் படிப்பித்தீர்கள். விருந்தாளியாய் இருப்பது எப்படியென்று ஒருவரும் படிப்பிக்கவில்லையே!” என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கூற்று உண்மையே. விருந்தளிப்போன் கடமையைத் தமிழ் நூல்கள் விரித்துரைத்தன. விருந்தினர் முகம் வாடலாகாது என்று வள்ளுவர் கவன்றார். அளிப்போர் முகமும் வாடும் என்பதை நாம் வகுப்பறையில் எடுத்துக் கூறுவதில்லை. விருந்தோம்பல் ஓர் அறமாயின் விருந்தாதலும் ஓர் அறமேயாம். வேற்று நாட்டுக்குப் போகும் ஒருவன் செய்யவேண்டிய ஆயத்தங்களுள் தலையாயது இவ்வறத்தைக் கற்றலே என்பது எம் கருத்து. மொங்கோலியப் புல்வெளி இதற்கு மிகச் சிறந்த சான்றாகும்.

முதற்கண் அந்நாட்டின் இயல்பை நோக்குவோம். மொங்கோலியாவின் பரப்பு ஏறத்தாழ 15,64,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் இருபத்துமூன்று மடங்குக்கும் மேற்பட்டது. அங்கு வாழும் மக்களோ சுமார் 35 இலட்சம் பேர். அவருள்ளும் பாதியளவினர் தலைநகராகிய உலான்பாத்தரிலேயே உறைகின்றனர். எஞ்சிய பெருநிலத்திலே மனிதரிலும் கால்நடைகளே மிகுதி. குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்னும் ஐவகைச் செல்வமும் சேர்ந்து 2019 ஆம் ஆண்டுக் கணக்கில் 7 கோடியைக் கடந்தன. தலைநகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,350 மீற்றர் உயரத்தில் உள்ளது. உலகத் தலைநகர்களுள் மிகக் குளிர்ந்தது. மாசி பிறக்குமுன் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழ் 30 பாகைக்கு இறங்குவதுண்டு. நுவரெலியாவின் பனியையே குளிரென்று எண்ணியிருக்கும் நமக்கு அது கற்பனைக்கும் எட்டாதது.

இத்தகைய நிலத்திலே வழிதவறியவனுக்குக் கதவு திறவாவிடின் அவன் உயிர் பிழைப்பது அரிது. இன்று என் வாயிலில் நிற்பவன் நிலையில் நாளை நான் நிற்பேன் என்பதை ஒவ்வொரு மேய்ப்பனும் அறிவான். ஆதலால் அங்கே விருந்தோம்பல் செல்வர்தம் பெருமையன்று. யாவரும் ஒருவர்க்கொருவர் பட்டிருக்கும் கடன். வந்தவனை யாரென்று கேளாமுன் தேநீர் வார்க்கின்றனர். அக்கடனை அறியாத பயணி அதனை இலவசச் சத்திரமென்று எண்ணிவிடுகின்றான். முதற் பிழை இதுவே.

இனி, ஆயத்தம் என்றதும் பலரும் பெட்டியையே நினைப்பர். பெட்டியும் வேண்டற்பாலதே, அதனை யாம் இகழோம். ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டிய காலமே புல்வெளிக்குச் செல்லத் தக்கது. ஜூலை 11 தொடங்கி நிகழும் நாதாம் விழாவிலே மற்போர், குதிரையோட்டம், வில்வித்தை ஆகிய மூன்றும் நடைபெறும். அக்காலத்தும் பகல் வெயில் சுட, இரவு குளிர் நடுக்கும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்க கம்பளி ஆடை, காற்றையும் மழையையும் தடுக்கும் மேற்சட்டை, உறுதியான சப்பாத்து, தலைக்குத் தொப்பி, மின்சூள் ஆகியன இன்றியமையாதன. கொழும்பிலிருந்து நேரே செல்லும் விமானம் இல்லை. இடையே வேறொரு நாட்டில் மாறிச் செல்லல் வேண்டும். 2021 இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. நுழைவிசைவு விதிகள் அடிக்கடி மாறுவன. சீட்டு வாங்குமுன் தூதரகத்தில் உறுதிசெய்தல் நன்று.

நகரைக் கடந்தால் வீதிகள் பல இடங்களில் வெறும் மண் தடங்களாகிவிடும். 300 கிலோமீற்றர் செல்ல ஒரு பகல் முழுதும் கழிதல் கூடும். வழியறிந்த சாரதியின்றிப் புறப்படுதல் அறிவுடைமையாகாது. சிற்றூர்களில் செலவிடத் துக்ரிக் என்னும் அந்நாட்டு நாணயம் கையில் இருத்தல் வேண்டும். விசர்நாய்க்கடிக்குரிய தடுப்பூசி பற்றி மருத்துவரை முன்னரே கேட்டறிக. குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுக. மார்மொற் என்னும் நிலவணிலைத் தொடவும் உண்ணவும் வேண்டா; கொள்ளைநோயை அது பரப்ப வல்லது. 2019 இல் மேற்கு மாகாணம் ஒன்றிலே அதன் பச்சை இறைச்சியை உண்ட தம்பதியர் இருவர் அந்நோயால் மாண்டனர்.

இவையெல்லாம் பெட்டியில் அடங்குவன. பெட்டியில் அடங்காதவற்றை இனிக் கூறுவோம்.

மேய்ப்பர் வாழும் இல்லம் கெர் எனப்படும். மரச் சட்டகத்தின்மேல் ஆட்டுமயிரால் ஆகிய கம்பளம் போர்த்திய வட்டக் கூடாரம் அது. வாயில் தெற்கு நோக்கியிருக்கும். நடுவில் அடுப்பு, அதன் இருமருங்கும் கூரை வளையத்தைத் தாங்கும் இரு தூண்கள், வாயிலுக்கு நேரெதிரே வடபால் வழிபாட்டிடமும் மூத்தோர் இருக்கையும். மேற்குப் பக்கம் ஆடவர்க்கும் விருந்தினர்க்கும் உரியது. கிழக்குப் பக்கம் இல்லத்தரசிக்கும் சமையற் கலங்களுக்கும் உரியது. இதனைக் கட்டும் கைத்தொழிலை யுனெஸ்கோ நிறுவனம் 2013 இல் மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துள்ளது.

அவ்வில்லத்தை அணுகுவோன் கதவைத் தட்டலாகாது. சற்றுத் தொலைவில் நின்று ‘நொக்கோய் கோர்’ என்று குரல் கொடுத்தல் வேண்டும். ‘நாயைப் பிடியுங்கள்’ என்பது அதன் பொருள். அது நாய்க்கு அஞ்சி எழுப்பும் குரல் மட்டுமன்று. வருகின்றேன் என்று முன்கூட்டி உணர்த்தும் நாகரிகமுமாம். உட்புகும்போது வாயிற்படியை மிதித்தல் பெரும் பிழை. புகுந்தபின் இடப்புறமாகிய மேற்றிசை வழியே சென்று அமர்க. இரு தூண்களுக்கும் இடையே நடவற்க, அவற்றின்மேற் சாயற்க. அடுப்பினை நோக்கிக் காலை நீட்டுதலும், தீயிலே குப்பையிடுதலும், நீர் ஊற்றுதலும் ஆகா. உள்ளே சீழ்க்கையடித்தலும் ஆகாது. எதனையும் வலக்கையாலே பெறுக. இடக்கை வலமுழங்கையைத் தாங்கியிருத்தல் மரியாதை. மடித்துவிட்ட சட்டைக் கையை அதற்கு முன் இறக்கிவிடல் நன்று. கத்தியைக் கொடுப்பின் பிடியை முன்னாக நீட்டுக. ஒருவர் காலைத் தற்செயலாய் மிதித்துவிடின் உடனே அவர் கையைப் பற்றிக் குலுக்குக. அவ்வளவில் பிழை தீர்ந்தது. மூத்தோர் பொடிக்குப்பியை நீட்டினால் உள்ளங்கையை விரித்து வாங்கி, பொடி இடும் வழக்கம் இல்லாதார் முகர்வதுபோற் செய்து திருப்பிக் கொடுத்தல் போதும்.

இவற்றைக் கேட்கும் இளைஞர் சிலர், ‘இவை வெறும் மூடவழக்கங்கள், பணம் கொடுத்துச் செல்லும் நமக்கு இத்தனை விதிகள் எதற்கு?’ என்பர். அவர்க்கு யாம் இரண்டு கூறுவோம்.

ஒன்று, தம் வீட்டு வழக்கத்தை அவர் எண்ணிப் பார்த்திலர். வாயிற்படியில் நின்று பொருள் கொடுத்தல் ஆகாதென்று நம் பாட்டிமார் தடுத்ததில்லையா? இடக்கையால் நீட்டியதை நாம் வாங்குவோமா? விளக்கை வாயால் ஊதி அணைக்க நம் வீட்டார் விடுவரா? கோயிலை வலம் வரும் நாம், மேட்டிலே கற்குவித்து நீலப்பட்டுக் கட்டிய ஓவோ என்னும் இடத்தை அவர்கள் மும்முறை வலம் வருதல் கண்டு வியப்பதேன்? தன் வீட்டு மரபின் கருத்தை உணர்ந்தவனுக்கு அயல் வீட்டு மரபு எளிதில் விளங்கும். தன்னுடையதைக் கண்மூடிச் செய்து வந்தவனுக்கே பிறருடையது மூடவழக்கமாய்த் தோன்றும்.

மற்றொன்று வரலாறு கூறுவது. பிரான்சிஸ்கன் சபைத் துறவியாகிய உரூப்ரூக் வில்லியம் என்பார் 1254 இல் மங்கு கானின் அவையிலே இருந்தார். ஒருநாள் அவருடைய தோழராகிய துறவி கானின் இல்லத்திலிருந்து வெளியேறுகையிலே தடுக்கி வாயிற்படியை மிதித்துவிட்டார். காவலர் பற்றினர், விசாரணை நிகழ்ந்தது. வழக்கத்தை ஒருவரும் அவர்க்கு முன்னர் உரைத்திலர் என்று அறிந்து பிழை பொறுக்கப்பட்டது. ஆயினும் அதன்பின் கானின் இல்லம் எதனுள்ளும் புக அவர்க்கு இசைவு கிடைத்திலது. அன்பர்காள், இதனைச் சற்றே சிந்தியுங்கள். பொறுத்தல் வேறு, மீண்டும் அழைத்தல் வேறு. நம் பழைய மாணவர்க்கு நேர்ந்ததும் இதுவே. ‘வெளிநாட்டார் என்றால் அவர்கள் பொறுத்துக்கொள்வர்’ என்பார் கூற்று மெய்யே. ஆனால் செல்லுமிடமெல்லாம் பிறர் பொறுமையைத் தின்று திரிவது கற்றார்க்குப் பெருமையாகுமா?

இனி இக்கட்டுரையின் நடுவான வினாவுக்கு வருவோம். சைவ உணவு உண்பவன், மது விலக்கியவன், தன் நெறியையும் காத்து அவர் மனத்தையும் காத்தல் இயலுமா? இயலாது என்பார் இரு திறத்தார். ‘நெறியே பெரிது, அங்குப் போகாதே’ என்பார் ஒரு திறத்தார். ‘அங்குப் போனால் அவர்கள் உண்பதை உண், நெறியை விமானத்தில் விட்டுச் செல்’ என்பார் மற்றொரு திறத்தார். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

ஏற்றல் வேறு, உண்டல் வேறு என்பதை அப்புல்வெளி மக்களே நமக்குக் கற்பிக்கின்றனர். நீட்டிய கிண்ணத்தை வலக்கையாற் பெற்று, உதட்டளவில் தொட்டு, மீண்டும் அளிப்போர் கையிற் கொடுத்துவிடின் அது மறுத்தலாகாது. குடிக்காதோர் மோதிரவிரல் நுனியால் மதுவைத் தொட்டு வானை நோக்கித் தெறித்து, கிண்ணத்தைத் திருப்பித் தருதலும் அங்கு வழக்கே. ஏற்றுக்கொள்ளுதலே அன்பின் விடை. உட்கொள்ளும் அளவு அவரவர் உடலுக்கும் நெறிக்கும் விடப்பட்டது. இடக்கை அசைத்து விலக்குதலே அவர்களைப் புண்படுத்துவது. உதட்டளவும் ஆகாதென்பார், கிண்ணத்தைப் பெற்றுக் கையில் வைத்திருந்து, பின்னர் வணக்கத்தோடு முன்னே வைக்கலாம். நம் மாணவர்க்கு வேண்டியிருந்தது நெறியை விடும் துணிவன்று. கையை நீட்டும் அறிவே.

உணவைப் பொறுத்தும் வழியுண்டு. கோடையிலே அவர்கள் பெரிதும் உண்பது பாற்பொருள்களே. ‘வெள்ளையுணவு’ என்றே அவற்றைப் போற்றுவர். உப்பிட்ட பாற்றேநீர், தயிர், பாலாடை, ஆரூல் என்னும் உலர்ந்த தயிர்க்கட்டி முதலியன விருந்தினர் முன் வைக்கப்படும். குளிர்காலத்திலோ இறைச்சியே உணவு. ஆகவே புலால் உண்ணாதார் கோடையிற் செல்லுதல் நன்று. தம் விரதத்தைச் சாரதி வாயிலாகச் சமையல் தொடங்குமுன் தெரிவித்தல் அதனினும் நன்று. ஆட்டை அறுத்தபின் ‘நான் உண்ணேன்’ எனல் கொடுமை. ஏழை மேய்ப்பனுக்கு ஓர் ஆடு சிறு செல்வமன்று. அரிசியும் பருப்பும் உடன் கொண்டு சென்று, இல்லத்தரசியின் இசைவு பெற்று அவர் அடுப்பிற் சமைத்து, அவர்க்கும் ஒரு கிண்ணம் கொடுத்து உண்ணலாம். கொதியாத பாலினால் நோய் வரலாமென அஞ்சுவோர் காய்ச்சிய தேநீரோடு அமைக.

கைம்மாறு பற்றியும் ஒன்று சொல்வோம். புல்வெளி மேய்ப்பன் வழிப்போக்கனான மேய்ப்பனுக்கு அளிக்கும் விருந்து ஒருநாள் அவனுக்கே திரும்பி வரும். நம் வீட்டு வாயிலுக்கு அவன் வரப்போவதில்லை. ஆதலின் நாம் பெற்ற கடன் தீராமலே நின்றுவிடும். வெறுங்கையோடு செல்லற்க. மா, சீனி, தேயிலை, பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் போன்ற பயன்படு பொருள்களை எடுத்துச் செல்க. நம் நாட்டுத் தேயிலையோடு பனங்கட்டி ஒரு குட்டானும் கொண்டு செல்லின் அது நம் ஊரின் பெயரையும் சொல்லும். இரவு தங்கினால் தக்க பணத்தைச் சாரதியிடம் கேட்டறிந்து, விலை பேசுவதுபோலன்றி, பணிவோடு கொடுத்தல் முறை. படம் பிடிக்குமுன் இசைவு கேட்க. ஆற்றிலே சவர்க்காரமிட்டுக் குளித்தலும் துவைத்தலும் ஆகா. கீழே கால்நடைகளும் குடும்பங்களும் அந்நீரையே பருகுகின்றன.

மற்றுமொரு பிழையும் உண்டு. அம்மக்களைக் காட்சிச்சாலைப் பொருளாகக் கருதி, ‘பழைமை மாறாத நாடோடிகள்’ என்று வியத்தலும் ஒருவகை அவமதிப்பே. கெர் ஒன்றின் பக்கத்திலே சூரிய மின்தகடும் மோட்டார் சைக்கிளும் நிற்கும். உள்ளே கைத்தொலைபேசி ஒலிக்கும். பிள்ளைகள் சிற்றூர்ப் பாடசாலையின் விடுதியிலே தங்கிப் படிப்பர். மேலிருந்து கீழாக எழுதும் தம் பழைய எழுத்தை, கடந்த நூற்றாண்டின் நாற்பதுகளில் சிரில்லிய எழுத்துக்கு இடம்விட்டு ஒதுங்கியிருந்ததை, 2025 முதல் அரச அலுவல்களில் மீண்டும் உடன்வைத்து வழங்கத் தொடங்கியுள்ளனர். மொழிப்பற்றுடைய நமக்கு இச்செய்தி இனிக்காமற் போகுமா?

அவர்கள் வாழ்வு இனிய ஓவியமும் அன்று. ‘ஸுத்’ எனப்படும் கொடுங்குளிர்ப் பேரிடர் வந்தால் பனி இறுகிப் புல் மூடப்பட, கால்நடைகள் நின்றவாறே மடியும். 2009–10 குளிர்காலத்தில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டனவும், 2023–24 குளிர்காலத்தில் 70 இலட்சத்துக்கு மேற்பட்டனவும் மாண்டன. மந்தையை இழந்த குடும்பங்கள் தலைநகரின் ஓரங்களிலே கெர் அமைத்துக் குடியேறி, கரிப்புகை நடுவே வாழ்கின்றன. ‘சைன் பைனூ’ என்று நலம் கேட்டபின், ‘கால்நடைகள் கொழுத்துள்ளனவா? குளிர்காலம் நன்றாய்க் கழிந்ததா?’ என வினவுதல் அங்கு மரபு. அது வெறும் உபசார மொழியன்று, ‘நீ பிழைத்திருக்கின்றாயா?’ என்னும் கேள்வியே அது. அதன் பொருளறிந்து கேட்பவன் கிண்ணத்தை விலக்க மாட்டான்.

இறுதியாக, நம் கல்லூரிக்கு ஒரு சொல். நம் பழைய மாணவர் இன்று உலகின் பல திசைகளிலும் பரவியுள்ளனர். இனிச் செல்வோரும் பலர். பிறநாட்டின் தலைநகர், விளைபொருள், ஆறு, மலை ஆகியவற்றை மனனம் செய்விக்கின்றோம். அந்நாட்டு வீட்டின் வாயிலை எப்படிக் கடப்பது என்பதை விட்டுவிடுகின்றோம். அம்மாணவர் வந்து சென்றபின், விருந்தோம்பல் அதிகாரம் முடிந்ததும் யாம் வகுப்பிலே ஒரு பயிற்சி கொடுத்து வருகின்றோம். ‘உன் வீட்டுக்கு வரும் அயல்நாட்டார் ஒருவர் அறிந்திருக்க வேண்டிய பத்து வழக்கங்களைக் காரணத்தோடு எழுதுக’ என்பது அப்பயிற்சி. வழக்கங்களை எழுத அவர்க்குக் கால்மணி நேரம் போதும். காரணம் எழுதத்தான் பேனா நின்றுவிடுகின்றது. அந்தத் தயக்கமே கல்வியின் தொடக்கம் என்று நம்புகின்றோம். ஏனைய ஆசிரிய அன்பர்களும், பெற்றோராகிவிட்ட பழைய மாணவர்களும் இதனைக் கைக்கொள்ளல் நலம்.

அம்மாணவர் விடைபெறும்போது, அடுத்த கோடையில் அதே கூடாரத்தைத் தேடிச் செல்ல எண்ணியுள்ளதாகக் கூறினார். மேய்ப்பர் இடம் பெயர்வோர். அதே மூதாட்டியைக் காண்பது உறுதியன்று. ஆயினும் எந்தக் கூடாரமாயினும் கிண்ணம் ஒன்று நீளும். அப்போது நம் கல்லூரிப் பிள்ளையின் வலக்கை தயங்காது நீள்க!